பனியாறு இல்லாத மலையில் பனியாற்றுப் பாடம்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பில் பாறைக்கோளம் பாடத்தில் பனியாறு (மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி) வந்ததும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். சமவெளிப் பள்ளிகளில் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். மலைப் பிள்ளைகள் அப்படி விடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு தெரிகிறது, டிசம்பரில் புல் வெளுக்கிறது, ஏரி இருக்கிறது, உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. புத்தகத்தில் உள்ளதெல்லாம் இங்கேயும் இருப்பது போலவே தோன்றும். இங்கே புவியியல் நடத்துகிறவன் என்ற முறையில், மாணவர்களும் பெற்றோரும் சில சமயம் சக ஆசிரியர்களும் கேட்பதைக் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

“சார், நீலகிரியில எப்பவாவது பனியாறு இருந்திருக்கா?”

இல்லை. சும்மா நம்ப வேண்டாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். கரும்பலகையில் ஐந்து நிமிஷ வேலை.

உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டி. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அதாவது இன்னும் 400 மீட்டர் மேலே. அங்கே சுமார் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சராசரி பூஜ்யத்துக்கு இறங்க வேண்டுமானால் தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னும் 1,800 மீட்டருக்குக் குறையாமல் மலை வேண்டும். ஆக 4,400, 4,500 மீட்டர் உயரம் இருந்தால்தான் பேச்சே.

சரி, பனியுகத்தில்? கடைசிப் பனியுகம் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தபோது வெப்பமண்டல மலைகள் இன்றைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ந்திருந்தன. ஆறு டிகிரியையும் முழுதாகக் கழியுங்கள். பூஜ்யக் கோடு 900 மீட்டர் போல இறங்கி வரும். அப்போதும் அது தொட்டபெட்டாவின் தலைக்கு மேல் இன்னொரு 900 மீட்டர் தள்ளித்தான் நிற்கும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிக்கும் (2,695 மீட்டர்) இதே கதைதான். கொடைக்கானல் பக்கம் கேட்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. “வெப்பமண்டலம் என்பதால் பனியாறு உருவாகாது” என்று விடைத்தாளில் எழுதாதீர்கள், அது தவறு. கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்கு நம்மைவிடப் பக்கம். 5,895 மீட்டர் உயரம் இருப்பதால் அதன் உச்சியில் பனிக்கட்டி உண்டு, அதுவும் வேகமாகச் சுருங்கிவருகிறது. நமக்குக் குறைவது உயரம்.

“அப்போ டிசம்பர்ல விழறது என்ன?”

விழுவதில்லை. அது உறைபனி. இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது, காற்றில் உள்ள ஈரம் அங்கேயே புல்லின் மேல் உறைந்து படிகிறது. காலை ஏழு மணிக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைகுந்தாவில் குனிந்து ஒரு புல்லைப் பாருங்கள்: இலையின் ஓரங்களில்தான் படிகங்கள் ஊசி ஊசியாக நிற்கும், நடுவில் குறைவு. வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் முழுக்க வெள்ளையாக இருக்கும். நாலடி தள்ளி மரத்தடியில் நின்ற பைக்கில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் சூடு வானத்துக்குத் தப்பிப் போகாமல் கிளைகள் மறித்துவிட்டன. மேலிருந்து விழுகிற பொருளாக இருந்தால் மரத்தின் உச்சியில் அல்லவா முதலில் வெளுத்திருக்க வேண்டும்?

உறைபனிக்குத் தெளிந்த வானமும் அசையாத காற்றும் வேண்டும். மேகம் வந்தால் இரவு அவ்வளவு குளிராது. பனிப்பொழிவுக்கோ மேகமும் வேண்டும், கடுங்குளிரும் வேண்டும். நம் ஊரில் இரண்டும் ஒரே நாளில் வந்து சேருவதில்லை. “ஊட்டியில் பனிப்பொழிவு, காஷ்மீராக மாறியது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் இருப்பது உறைபனி, இல்லாவிட்டால் ஆலங்கட்டி மழை.

குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மலை உச்சியைவிட காந்தல், குதிரைப் பந்தய மைதானம் மாதிரித் தாழ்வான இடங்களில் உறைபனி கடுமை. தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். ஒரே தோட்டத்தில் மேல் வரிசை பச்சையாக நிற்கும், ஓடையோரச் செடிகள் மட்டும் கருகியிருக்கும். சோலைக்காட்டு மரங்களின் நாற்றுகள் திறந்த புல்வெளியில் பிழைக்காமல் போவதற்கும் உறைபனி ஒரு முக்கியக் காரணம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

“கேத்தி பள்ளத்தாக்கு யு வடிவம்தானே? புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கே!”

பனியாறு அரைத்த பள்ளத்தாக்கு யு வடிவில் இருக்கும் என்பது சரி. ஆனால் அகலமாக இருப்பதெல்லாம் யு ஆகிவிடாது. நீர் அறுத்த பள்ளத்தாக்கில் இரு பக்க மலைகளிலிருந்தும் மலைக்கால்கள் மாறி மாறி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே ஓடும் ஆறு அவற்றுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரியும். பனியாறு அப்படி வளைந்து கொடுக்காது. மலைக்கால்களின் முனையை அரைத்துத் தள்ளிவிட்டு நேராக இறங்கும். ஆகவே பக்கச் சுவர்கள் செங்குத்து, அடி தட்டை. கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் நீரும், மலையை உயர்த்திய நிலப்பிளவுகளும் சேர்ந்து செய்த வேலை தெரியும். பனிக்கட்டிக்கு அதில் பங்கில்லை.

உருண்டைப் பாறைகள் பற்றியும் இதே குழப்பம். “பனியாறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட பாறையா சார்?” என்று குன்னூர் சாலையில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பதில் அந்தச் சாலை வெட்டிலேயே இருந்தது. சிவந்த மண்சுவரில் பாதி புதைந்த ஒரு பாறை; அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்த மஞ்சள் நிறப் பட்டைகள். வெளிப் பட்டையை விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது, உள்ளே போகப் போகக் கெட்டி. நடுவில் உடையாத கருநீலச் சார்னோக்கைட், நீலகிரியின் கடினமான அடிப்படைப் பாறை. மழைநீர் விரிசல்களில் இறங்கி, மூலைகளைத் தின்று, பாறையை இருந்த இடத்திலேயே உருண்டையாக்கிவிட்டது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைய பாறை, ஒரு அடிகூட நகரவில்லை. பனியாறு கொண்டுவந்த பாறையில் ஒரே திசையில் கீறல்கள் இருக்கும், அடியில் உள்ள பாறையோடு இனமும் ஒத்துப்போகாது.

ஏரிகளைச் சட்டென்று முடித்துவிடலாம். ஊட்டி ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863இல் ஆங்கிலேய அதிகாரி லெவிஞ்ச் அமைத்தது. எமரால்டும் அப்பர் பவானியும் குந்தா மின்திட்டத்தின் அணைகள். அவலாஞ்சியின் பேர் ‘அவலாஞ்ச்’ (பனிச்சரிவு) என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சரிந்தது மண், பனி இல்லை.

“அப்படின்னா பனியுகம் நம்ம மலையில எதையுமே விட்டுட்டுப் போகலையா?”

விட்டுப் போயிருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பாடப்புத்தகத்தில் இல்லை என்பது என் நெடுநாள் குறை.

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் சாண்டிநல்லா. செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற இடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே புல்மேடுகளுக்கு இடையிலான தாழ்வில் சதுப்பு நிலம் இருக்கிறது. அதில் படிந்திருப்பது பீட் என்கிற முற்றா நிலக்கரி. கையில் எடுத்தால் கறுப்பாக, நார் நாராக, எதிர்பார்ப்பதைவிட லேசாக இருக்கும். பிழிந்தால் டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வடியும். செத்த புல்லும் செடியும் நீருக்குள் மூழ்கி, காற்றுப் படாமல், குளிரில் முழுக்க மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது அது. அடியில் உள்ளது பழசு. கார்பன்-14 (காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கார்பன்) முறையில் வயது பார்த்ததில் சாண்டிநல்லாப் படிவுகள் 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகின்றன. கடைசிப் பனியுகத்தின் உச்சம் முழுவதும் அந்தச் சேற்றுக்குள் அடக்கம்.

அதை எப்படிப் படிப்பது? மரங்களும் குளிர்-ஈர நிலப் புற்களும் ஒளிச்சேர்க்கை செய்வது ஒரு வழி, வறட்சியைத் தாங்கும் வெப்பநிலப் புற்கள் செய்வது வேறு வழி. தாவரவியலில் முதல் வகைக்கு சி-3 என்றும் இரண்டாம் வகைக்கு சி-4 என்றும் பெயர். காற்றில் சாதாரண கார்பன்-12உடன் கொஞ்சம் கனமான கார்பன்-13உம் இருக்கிறது. சி-4 புற்கள் இந்தக் கனமான கார்பனைக் கூடுதலாக ஏற்கும். செடி செத்தாலும் அந்த விகிதம் பீட்டில் அப்படியே தங்கிவிடும். ஆகவே ஓர் அடுக்கை எடுத்து விகிதத்தை அளந்தால், அது படிந்த காலத்தில் சுற்றிலும் எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று சொல்லலாம்.

இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் இந்த வேலையைச் செய்து 1993இல் வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் நீலகிரி வறண்டு, சி-4 புற்கள் ஓங்கியிருந்தன. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்த காலத்தில் ஈரத் தாவரங்கள் மீண்டும் பெருகின. பனியுக உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்ததும் (பத்து லட்சத்தில் 190 பங்குக்கும் கீழே) சி-4 புற்களுக்குச் சாதகம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வடக்கே பனி பெருகியபோது இங்கே மழை குறைந்தது. பனியாறு வராமலே பனியுகம் வந்து போயிருக்கிறது. இரண்டு, நம் புல்வெளிகள் காட்டை அழித்ததால் வந்த தரிசு இல்லை, பல்லாயிரம் ஆண்டு வயதுள்ளவை. உறைபனி மரநாற்றைக் கொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் இதைப் ‘பயனற்ற நிலம்’ என்று எண்ணி சீகை (வாட்டில்) மரத்தையும் யூகலிப்டஸையும் பைன் மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். மரம் நடுவது எப்போதும் நல்லதே என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது லேசில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

“வரையாடும் காட்டுப்பூவரசும் பனியுகத்துல இமயமலையிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்களே?”

பாதி சரி. காட்டுப்பூவரசு, அதாவது சிவப்பாகப் பூக்கும் நம் ரோடோடென்ட்ரான், இமயமலை இனத்தின் நேர் உறவு. இலங்கை மலைகளிலும் அதற்கு ஓர் உறவு உண்டு. இடையில் உள்ள வெக்கை பிடித்த சமவெளியை அது எப்படித் தாண்டியது என்பதற்கு, குளிர்ந்த காலங்களில் வாழிடம் தாழ்ந்து விரிந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இலங்கைக்குப் போவதில் சிக்கலே இல்லை. பனியுக உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, பாக் நீரிணை தரையாகக் கிடந்தது.

வரையாட்டை இமயமலைத் தார் ஆட்டின் தம்பி என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு அதைச் செம்மறியாட்டு இனங்களுக்கு நெருக்கம் என்று காட்டி, தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டது. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இன்னும் பழைய கதைதான் இருக்கும்.

“தீபகற்ப இந்தியாவுல பனியே இருந்ததில்லைன்னு எழுதலாமா?”

எழுதக்கூடாது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் பனியாறு கொட்டிய பாறைக் குவியல் இன்றும் இருக்கிறது. அது பனியின் வேலை என்று 1856இலேயே கண்டு சொன்னார்கள். மகாராஷ்டிராவில் சந்திரப்பூர் பக்கம் இரை என்ற இடத்தில் பனியாறு கீறிய பாறைத்தளம் உண்டு. அது வேறு யுகம், வேறு கண்ட அமைப்பு. இன்றைய மலைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

“பனியுகம் தானா வந்து தானா போச்சுன்னா, இப்போ சூடாகறதுக்கு மட்டும் மனுஷன் எப்படிக் காரணம்?”

வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பார், பெரும்பாலும் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

பனியுகங்களைத் தொடங்கியும் முடித்தும் வைப்பது பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சுச் சாய்விலும் நிகழும் மாற்றங்கள். அவற்றின் சுழற்சி ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள். கடைசிப் பனியுகத்திலிருந்து மீண்டு, உலகம் ஐந்தாறு டிகிரி சூடாவதற்குப் பத்தாயிரம் ஆண்டு போலப் பிடித்தது. இப்போதோ ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 2024ஆம் ஆண்டுச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரியைத் தாண்டியது. இந்த வேகத்துக்குச் சுற்றுப்பாதையில் காரணம் கிடையாது.

கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்த அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சாண்டிநல்லா முறையிலேயே பதில் உண்டு. நிலக்கரி பழைய செடிகொடிகளின் மிச்சம், பெட்ரோலியம் பழைய கடல் நுண்ணுயிர்களின் மிச்சம்; கார்பன்-13 இரண்டிலும் குறைவு, கார்பன்-14 அறவே இல்லை. உலகக் காற்றில் கார்பன்-13இன் விகிதம் அதற்கேற்பக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது; அணுகுண்டுச் சோதனைகள் இடையில் கூட்டியதை விட்டுப் பார்த்தால் கார்பன்-14உம் அப்படித்தான். எரித்தவன் கைரேகை காற்றிலேயே இருக்கிறது.

“2035க்குள்ள இமயமலைப் பனியாறெல்லாம் காணாமப் போயிடும்னு பேச்சுப்போட்டிக்கு எழுதியிருக்கோம்…”

அடித்துவிடுங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் சரிபார்க்காமல் நுழைந்த வாக்கியம் அது. 2010இல் அவர்களே தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். பேச்சுப்போட்டிகளில் மட்டும் இன்னும் சாகவில்லை.

உண்மை நிலவரமே போதுமான கவலை தரக்கூடியது. காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டின்படி, இந்துகுஷ்–இமயமலைப் பகுதியின் பனியாறுகள் 2011–2020 பத்தாண்டில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. வெளியேற்றம் கட்டுக்கடங்காமல் போனால் இந்த நூற்றாண்டின் முடிவில் அவற்றின் கொள்ளளவில் 80 சதவீதம் வரை போய்விடக்கூடும். அதே சமயம் காரகோரத்தில் சில பனியாறுகள் நெடுங்காலம் அதிகம் சுருங்காமல் நின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் உருகுகின்றன என்று எழுதுவதும் சரியில்லை.

“நாம இருக்கறது 2,240 மீட்டர் உயரத்துல. கடல் ஏறினா நமக்கென்ன?”

குசும்பான கேள்விதான். முதலில் கடல் கணக்கைச் சரிசெய்வோம். மிதக்கும் கடல்பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. தரைமேல் கிடக்கும் பனி உருகினால்தான் ஏறும். கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் ஏழு மீட்டர் போல. தண்ணீர் சூடாகி விரிவதும் கடலை உயர்த்தும், இதைப் பலரும் எழுத மறந்து மதிப்பெண் விடுகிறார்கள்.

இனி நம் கதை. கங்கைக்குக் கோமுகத்தில் பனியாறு இருக்கிறது. பவானிக்கும் மாயாற்றுக்கும் பைக்காராவுக்கும் அது இல்லை. மழை நின்ற பிறகும் நம் ஓடைகளில் தண்ணீர் வருவதற்குச் சோலையும் புல்வெளியும் மேலே சொன்ன சதுப்புகளும் காரணம். மழைநீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. சதுப்பை வடித்துக் கேரட் பாத்தி போட்டாலும் மண் கொட்டிக் கட்டடம் எழுப்பினாலும் அந்தச் சேமிப்பு போகிறது. இமயமலைக்காரர்கள் பனியாறு சுருங்குவதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். நம் சதுப்பு சுருங்குவதை யாரும் படம் பிடிப்பதில்லை. மாணவர்களின் காலநிலை மாற்றச் சுவரொட்டிகளில் துருவக்கரடிக்குப் பதிலாக ஒரு தடவையாவது இந்தச் சதுப்பு வர வேண்டும் என்பது என் ஆசை.

“செய்தியில வர்ற இமயமலை வெள்ளமும் நம்ம ஊர் மண்சரிவும் ஒண்ணா?”

காரணம் வேறு. 2021 பிப்ரவரி 7இல் உத்தராகண்டின் சமோலியில் ஒரு சிகரத்தின் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனியாற்று ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா அணையை அடித்துப் போனது. மொரைன், அதாவது பனியாறு விட்டுப்போன கல்மண் குவியலை நம்பித் தேங்கி நிற்கும் ஏரிகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு இரண்டாவதுதான் சரியான எடுத்துக்காட்டு, முதலாவது இல்லை.

நம் ஊரில் பனிக்கு வேலையில்லை. ஆழமாக மட்கிய மண், செங்குத்தாக வெட்டிய சரிவு, கொட்டும் மழை, இவைதான். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால் இத்தகைய பெருமழைக்கு வாய்ப்பு கூடுகிறது. காலநிலையின் பங்கு அது. சரிவை வெட்டியது யார் என்பது வேறு கேள்வி.

“மொரைனுக்கும் பனியாற்று வண்டல் சமவெளிக்கும் வித்தியாசம் மண்டையில ஏறவே மாட்டேங்குது.”

செய்து பாருங்கள். ஒரு டிபன் டப்பாவில் மணல், பொடிக்கல், தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததை எடுத்து, மணல் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு சோப்புக்கட்டி மேல் அழுத்தி இழுங்கள். ஒரே திசையில் கீறல் விழும். சுத்தமான பனிக்கட்டியால் அது முடியாது என்பதையும் பக்கத்திலேயே செய்து காட்டலாம். அப்புறம் அதைச் சாய்த்த பலகையில் வைத்து உருக விடுங்கள். கட்டி இருந்த இடத்தில் பெரிசும் சிறிசும் கலந்து குப்பையாக நிற்பது மொரைன். உருகிய நீர் இழுத்துப் போனதில் கல் பக்கத்திலேயே நின்றுவிடும், மணல் அடுத்து, பொடி கடைசியில். அந்தத் தரம் பிரிந்த பகுதிதான் வண்டல் சமவெளி. வித்தியாசத்தை ‘தரம் பிரியாதது, பிரிந்தது’ என்று எழுதினாலே பாதி மதிப்பெண்.

“பிள்ளைகளைப் பனியாறு பார்க்க இமயமலைக்குக் கூட்டிப் போகணுமா?”

பெற்றோர் கேட்பது. வசதி இருந்தால் போகட்டும், பாடத்துக்காக வேண்டாம். இங்கேயே ஒரு நாள் போதும்: விடியற்காலையில் தலைகுந்தாவில் உறைபனி, பத்து மணிக்கு ஏதாவது ஒரு சாலை வெட்டில் உருண்டைப் பாறை, மதியம் பைக்காரா சாலையோரம் நின்று புல்வெளியும் சோலையும் சந்திக்கும் எல்லை. சதுப்புக்குள் இறங்க வேண்டாம், தோண்டவே கூடாது. கரையில் நின்றாலே பாதி விஷயம் தெரியும். காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதியைப் பள்ளி மூலமாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பும் புகையிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.